விளையாட்டுக்குக் கணக்கு எழுதியவர்



மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் மிளகு மண்டிகளையும் சுக்குக் கிடங்குகளையும் அறிந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பொழுது சாய்ந்து, மூட்டைகள் அடுக்கப்பட்டுக் கூலியாட்கள் போன பின்னரும், கணக்கப்பிள்ளை மட்டும் எழுந்திருக்க மாட்டார். நாள்வழியும் பேரேடும் ஒத்துவராமல் அவர் விளக்கை அணைப்பதில்லை. எவ்வளவு சிறிய தொகை குறைந்தாலும் அது எங்கே போயிற்று என்று தேடிக் கண்டபின்புதான் வீட்டுக்குப் போவார். அவர் பெயர் கடையின் பலகையில் இராது. ஆயினும் அவர் எழுதியதுதான் பின்னால் வழக்கு மன்றத்தில் நிற்கும்.

விளையாட்டு உலகிலும் இத்தகைய கணக்கப்பிள்ளைகள் உண்டு. ஆட்டக்காரர்களை நாம் அறிவோம். வானொலியில் வருணனை செய்வோரின் குரலையும் அறிவோம். ஆட்டத்தின் விவரங்களைத் திரட்டி, சரிபார்த்து, பத்திரிகைகளுக்கும் வருணனையாளருக்கும் எடுத்துக் கொடுத்து, பிறகு நூலாகவும் தொகுத்து வைத்தவர்களைப் பற்றி நாம் பேசுவது அரிது. அவர்களுள் தென்னாட்டவர் ஒருவரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அவர் எஸ். கே. குருநாதன். சென்னை 'இந்து' பத்திரிகையில் நெடுங்காலம் விளையாட்டுப் பகுதியின் ஆசிரியராக இருந்தவர்.

குருநாதன் செய்த காரியங்கள் பல என்றாலும், நிலைத்து நிற்பது ஒன்று. 1946-47 முதல் 'இந்தியன் கிரிக்கெட்' என்னும் ஆண்டு நூலை அவர் தொகுக்கத் தொடங்கினார். இந்து பத்திரிகையை நடத்திய கஸ்தூரி நிறுவனத்தாரே அதனை வெளியிட்டனர். இங்கிலாந்தில் ஜான் விஸ்டன் என்ற பந்துவீச்சாளர் 1864-ல் தொடங்கிய ஆண்டு நூலை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைப் போன்றதொன்று நமக்கும் வேண்டுமென்று பலர் விரும்பியிருக்கக்கூடும், விரும்புவது எளிது. அந்த நாளிலோ ஒவ்வோர் ஊர் ஆட்டத்தின் விவரத்தையும் கடிதத்தாலும் தந்தியாலும் வரவழைக்க வேண்டும். பெயர்கள் பிழைபட்டு வரும். கூட்டல் ஒத்துவராது. அதையெல்லாம் நேராக்கி அச்சுக்கு ஏற்றுவது ஓர் ஆண்டு வேலை. அது முடியுமுன் அடுத்த ஆண்டின் ஆட்டங்கள் தொடங்கிவிடும். அன்னார் 1966-ல் மறையும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதைச் செய்தார். பின்னர் பி. என். சுந்தரேசன் அப்பொறுப்பை ஏற்றார்.

கிரிக்கெட் ஆட்டக் கணக்கு நமது கடைக் கணக்கைப் போலவே இரட்டைப் பதிவு உள்ளது. ஒருபுறம் மட்டையாளர் ஒவ்வொருவர் எடுத்த ஓட்டங்களையும் உதிரி ஓட்டங்களையும் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். மறுபுறம் பந்துவீச்சாளர் ஒவ்வொருவர் கொடுத்த ஓட்டங்களையும், அவர்கள் கணக்கில் சேராத உதிரிகளையும் கூட்டினாலும் அதே மொத்தம் வரவேண்டும். இரண்டும் ஒவ்வாவிடில் எங்கோ ஒரு பந்து தவறிப் போயிற்று என்று பொருள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முற்காலத்தில் அகலப் பந்தும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதப்படவில்லை. 1980-களின் நடுப்பகுதிக்குப் பின்னரே அவை அவர் தலையில் ஏற்றப்பட்டன. ஆதலால் பழைய ஏட்டைப் புதிய முறையில் கூட்டுகிறவர் திகைத்துப் போவார். எங்கள் ஊரில் எடைக்கல் மாறிய காலத்துக் கணக்கைப் பார்த்துத் திகைத்தவர்களை நான் அறிவேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அன்றைய மாலைக்குள்ளேயே அது முடிந்துவிட்டது. மைசூர் 48-ம் 59-ம் எடுத்தது, சென்னை 130. இன்னிங்ஸும் 23 ஓட்டமும் வித்தியாசம். ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்குப் பதினொரு விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்த ஒரு பகலைக் கண்ணால் கண்டவர் எவரும் இன்று நம்மிடையே இருக்க வழியில்லை. ஆயினும் பதினொன்று என்பதையும் முப்பத்தைந்து என்பதையும் நாம் ஐயமின்றிச் சொல்கிறோம். யாரோ ஒருவர் எழுதினார். வேறொருவர் அதைக் காத்தார்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்த நூல் இன்றியமையாததன்று என்பது என் கருத்து. 1952-ல் சென்னையில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகள் எடுத்ததை யார் மறப்பார்? ஆனால் 1951-52 முதல் திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரிலும், 1957-58 முதல் கேரளம் என்ற பெயரிலும் ரஞ்சிக் கோப்பையில் இறங்கித் தோற்றுத் தோற்றுத் திரும்பியவர்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? 1959-60-ல் பாலக்காட்டில் ஆந்திரத்துக்கு எதிராகப் பாலன் பண்டிட் ஆட்டமிழக்காமல் எடுத்த 262 ஓட்டங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கேரளத்தின் உச்சமாக இருந்தது. அதுகூட வெளியூரில் பலருக்குத் தெரியாது. ஒரே ஓர் ஆட்டம் ஆடி ஒதுங்கியவருக்கோ அந்தப் பொடி எழுத்து ஒரு வரியே வாழ்க்கைச் சான்று.

அத்தகையவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். பெயர் சொல்ல அவர் விரும்பியிருக்க மாட்டார். வாலிபத்தில் திருவிதாங்கூர்-கொச்சி அணியில் ஓர் ஆட்டம் ஆடியவர்; பிறகு நாற்பது ஆண்டுகள் மிளகு எடைபோட்டவர். தாம் அந்த ஆட்டத்தில் ஒன்பது ஓட்டங்கள் எடுத்ததாக எங்களுக்குச் சொல்வார். அவர் மைதானத்தில் இறங்கியதே கதை என்று இளைஞர்கள் சிலர் முகத்துக்கு நேரே சிரித்ததும் உண்டு. பெரியவர் மறுமொழி சொல்லமாட்டார். அவர் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

ஒரு ஓட்டம் கூடுதலோ குறைவோ என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தை நினைவூட்டுகிறேன். புனேயில் நடந்த ரஞ்சிக் கால் இறுதியில் ஜம்மு-காஷ்மீர் முதல் இன்னிங்ஸில் 280 எடுத்தது. கேரளம் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 200-ல் நின்றது. சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் கடைசி விக்கெட்டுக்கு 81 சேர்த்தனர், மொத்தம் 281. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிய, அந்த ஓர் ஓட்டத்தால் கேரளம் அரை இறுதிக்குச் சென்றது. அகமதாபாத்திலும் அவ்வாறே. கேரளம் 457, குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் அடித்த பந்து, அருகே நின்ற அதே சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் பட்டு எகிறிக் கேட்சாகியபோது குஜராத் 455. இரண்டு ஓட்டங்கள்! அவ்விரண்டால் கேரளம் தன் வரலாற்றில் முதன்முறையாக இறுதி ஆட்டத்தைக் கண்டது. நாகபுரியில் விதர்பம் 37 ஓட்ட முன்னிலையால் கோப்பையைக் கொண்டது வேறு விஷயம். அந்த இரு நாட்களில் ஒரு லெக் பையை எழுத மறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெளிநாடுகளிலும் இப்பணிக்குத் தம் ஆயுளையே கொடுத்தவர்கள் உள்ளனர். ஆஸ்திரேலியாவின் பில் பெர்குசன் 1905 முதல் அரை நூற்றாண்டு காலம் பல நாட்டு அணிகளுடன் பயணம் செய்தார்; மூட்டை முடிச்சுகளைப் பார்ப்பதும் அவர் வேலை, ஆட்டக் கணக்கு எழுதுவதும் அவர் வேலை. அடித்த பந்து ஒவ்வொன்றும் சென்ற திசையைக் கோடாக வரைந்து காட்டும் வண்டிச் சக்கரப் படம் அவர் வழி வந்ததே. இங்கிலாந்து வானொலியில் பில் பிரிண்டால் 1966 முதல் 2009-ல் இறக்கும் வரை கணக்கராக அமர்ந்திருந்தார். நமது அகில இந்திய வானொலி வருணனையாளர்களின் அருகே பம்பாயின் ஆனந்த்ஜி டோசா தம் குறிப்பேடுகளுடன் இருந்தார். வருணனையாளர் தடையின்றிச் சொல்லும் புள்ளிவிவரம், பக்கத்திலிருந்து நீட்டப்பட்ட ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது என்பதைக் கேட்பவர் அறிவதில்லை.

'இந்தியன் கிரிக்கெட்' இப்பொழுது வெளிவருவதில்லை. தந்தியும் 2013 ஜூலையில் நின்றது. 1993-ல் கணினி வலையில் ஆர்வலர் சிலர் தொடங்கிய கிரிக்இன்போவை வளர்த்தவர்களுள் நாகப்பட்டினத்துக்காரரான பத்ரி சேஷாத்ரியும் ஒருவர். பின்னர் தமிழ்ப் பதிப்புத் துறைக்கு வந்தவர் அவரே. இன்று சுட்டுவிரலால் தொட்டால் எழுபது ஆண்டுக்கு முந்தைய ஆட்டமும் கண்முன் விரிகிறது. நன்றே. ஆனால் அந்தப் பழைய எண்கள் வானத்திலிருந்து இறங்கவில்லை. குருநாதனைப் போன்றோர் கூட்டிச் சரிபார்த்த பக்கங்களிலிருந்து ஏற்றப்பட்டவை அவற்றுள் பல. அவருக்கு நாம் செலுத்தியிருக்கும் நன்றி மிகக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் தெருப் பெரியவரிடம் திரும்புகிறேன். அவருடைய கடைசிக் காலத்தில் நண்பர் ஒருவர் பழைய ஆண்டு நூல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அட்டை கிழிந்து, தாள் மஞ்சளித்திருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு விரலால் வரியைத் தொட்டார். பெயர் இருந்தது. எதிரே, முதல் இன்னிங்ஸில் நான்கு, இரண்டாவதில் பூஜ்யம். சுற்றி நின்ற இளைஞர்கள் தலை குனிந்தனர். பெரியவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "ஒன்பது என்றல்லவா நினைத்திருந்தேன்! போகட்டும், தம்பி, எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருப்பான்" என்று சொல்லி, அந்தப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை அடையாளமாக வைத்து நூலை மூடினார்.