ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடை



உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்லா நிறையும் நாள். அந்த நாளில் கடையைப் பூட்டிவிட்டுத் தேவாலயத்துக்குப் போன ஒருவர், 93 வயது வரை வாழ்ந்து, அமெரிக்காவின் பெரிய உணவக நிறுவனங்களில் ஒன்றைக் கட்டி எழுப்பினார். அவர் பெயர் சாமுவேல் ட்ரூயட் கேத்தி. 'சிக்-ஃபில்-ஏ' என்ற கோழி சாண்ட்விச் கடைகளை நிறுவியவர். அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஈட்டன்டன் என்ற சிற்றூரில் 1921 மார்ச் 14 அன்று பிறந்தார். பாப்திஸ்து சபையின் புகழ்பெற்ற போதகர் ஜார்ஜ் ட்ரூயட்டின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். குடும்பம் பிறகு அட்லாண்டாவுக்கு வந்தது. தந்தைக்குக் காப்பீடு விற்கும் வேலை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அந்த வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. அதனால் தாய் லில்லா வீட்டில் வெளியாட்களைத் தங்கவைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுச் சம்பாதித்தார். வாரத்தில் ஏழு நாளும் அடுப்படிதான். மகன் பட்டாணி உரிப்பான், மக்காச்சோளத்தின் தோலைக் களைவான், பாத்திரம் கழுவுவான். தாய் கண்மூடியிருந்து தான் முதன்முதலாகப் பார்த்தது சவப்பெட்டியில்தான் என்று கேத்தி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டியதற்குப் பக்தியைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஓய்வே அறியாத அந்தத் தாயையும் சேர்த்து நினைத்தால்தான் காரணம் முழுமையாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வியாபார புத்தி சிறு வயதிலேயே வந்துவிட்டது. எட்டு வயதில் ஆறு கோக்க கோலா பாட்டில்களை 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்று ஐந்து சென்ட் என்று அக்கம்பக்கத்தில் விற்றான் சிறுவன். ஆறு பாட்டில் விற்றால் ஐந்து சென்ட் லாபம். பிறகு வீட்டு முன்னால் பனிக்கட்டியில் வைத்துக் குளிரக் குளிர விற்கத் தொடங்கினான். கொஞ்சம் வளர்ந்ததும் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டான். பள்ளியில் படிக்கும்போது, பெருஞ்செல்வத்தை விட நல்ல பெயரே மேல் என்ற நீதிமொழிகள் வசனம் அவன் மனதில் தைத்தது. கடைசி வரை அதைத்தான் தன் வாழ்க்கை வசனம் என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவப் பணி. அது முடிந்து வந்ததும், 1946 மே மாதம், தம்பி பென்னோடு சேர்ந்து அட்லாண்டாவை ஒட்டிய ஹேப்வில் என்ற ஊரில் ஒரு சின்ன உணவகம் திறந்தார். பெயர் 'டுவார்ஃப் கிரில்'. பத்து முக்காலிகள், நான்கு மேசைகள், அவ்வளவுதான். 10,600 டாலர் முதல். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். பக்கத்தில் விமான நிலையம், அடுத்த ஆண்டே ஃபோர்டு கார் தொழிற்சாலையும் வந்தது. இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்கும் சாப்பாடு வேண்டுமே! ஆகவே 24 மணி நேரமும் கடை திறந்திருந்தது. அண்ணனும் தம்பியும் மாறி மாறி நின்றார்கள். முதல் வாரம் முடிவதற்குள் இருவரும் துவண்டுபோனார்கள். ஞாயிறு வந்தது, கதவைப் பூட்டினார்கள், ஆராதனைக்குப் போனார்கள், வீட்டில் ஓய்வெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட அவர் வியாபாரத்துக்குக் கடை திறக்கவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கோடி கோடியாய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாளை விட்டுக்கொடுப்பது எளிது. இவர்கள் கடனில் கடை தொடங்கி, ஒவ்வொரு டாலரும் கணக்காய் இருந்த முதல் வாரத்திலேயே அந்த நாளைக் கொடுத்துவிட்டார்கள். தமக்கு ஓய்வு வேண்டும் என்றால் தம்மிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் அது வேண்டும்தானே என்பது கேத்தியின் நியாயம்.

பிறகு வந்த ஆண்டுகள் அவரைச் சும்மா விடவில்லை. 1949இல் ஒரு சிறு விமான விபத்தில் பென் இறந்துபோனார். கூடவே இன்னொரு சகோதரர் ஹொரேசும் போனார். அடுத்து, ஃபாரஸ்ட் பார்க் என்ற இடத்தில் திறந்த இரண்டாவது உணவகம் 1960இல் தீக்கிரையானது. காப்பீட்டுத் தொகை இழப்பை ஈடுகட்டவில்லை. அதே காலகட்டத்தில் குடலில் அறுவை சிகிச்சை வேறு.

படுத்து எழுந்தவர் கவனமெல்லாம் ஒரே ஒரு பொருளின் மேல் குவிந்தது. கோழி இறைச்சி விற்கும் ஒரு நிறுவனம், விமானப் பயணிகளின் உணவுத் தட்டுக்கு அளவு பொருந்தாத எலும்பில்லாத நெஞ்சுக்கறித் துண்டுகளை வைத்துக்கொண்டு திண்டாடியது. வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேத்தியிடம் கேட்டார்கள். அவருக்கோ கோழி பொரிப்பதில் ஒரு தலைவலி: வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், கோழியோ மெதுவாகத்தான் வேகும். அம்மா கனமான வாணலியை மூடிவைத்து, ஆவி வெளியே போகாமல் கோழி பொரித்தது நினைவுக்கு வந்தது. அழுத்தத்தில் பொரிக்கும் பாத்திரம் ஒன்றை வாங்கினார். எலும்பில்லாத துண்டைப் பாலும் முட்டையும் கலந்ததில் தோய்த்து, மசாலா மாவில் புரட்டி, கடலை எண்ணெயில் போட்டால் நான்கே நிமிடத்தில் வெந்து வந்தது. வெண்ணெய் தடவிய பன், நடுவில் கோழி, இரண்டு துண்டு ஊறவைத்த வெள்ளரி. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அந்த மசாலாக் கலவை கைகூடச் சில ஆண்டுகள் பிடித்தன. கடைக்கு வந்தவர்களிடமே கொடுத்துக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி கூட்டியும் குறைத்தும் பார்த்தார். இனி எதையும் மாற்றாதீர்கள் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

1967இல் அட்லாண்டாவின் கிரீன்பிரையர் வணிக வளாகத்தில் முதல் சிக்-ஃபில்-ஏ கடை திறந்தது. வணிக வளாகங்கள் பெருகப் பெருக, ஞாயிற்றுக்கிழமையும் திறக்கத்தான் வேண்டும் என்று வளாக உரிமையாளர்கள் பலர் வற்புறுத்தினார்கள். மற்றவர்கள் ஏழு நாளில் விற்பதை நாங்கள் ஆறு நாளில் விற்றுக் காட்டுகிறோம் என்பது இவர் பதில். சம்மதிக்காத இடத்தில் கடை போடவில்லை.

கடைகளை நடத்தக் கொடுக்கும் முறையிலும் அவர் தனி வழி போனார். நிலம், கட்டடம், அடுப்பு எல்லாம் நிறுவனத்தின் செலவு. நடத்துகிறவர் அந்நாளில் தொடக்கத்தில் 5,000 டாலர் கொடுத்தால் போதுமாயிருந்தது, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் அவரே கடையில் நிற்க வேண்டும். பெரிய முதல் இல்லாத, உழைப்பும் நல்ல பெயரும் உள்ள இளைஞர்களுக்கு இப்படி வழி திறந்தது.

1982இல் வியாபாரம் தேங்கியது. புதிதாகக் கட்டிய தலைமையகம், அதற்கு ஏறிக்கொண்டே போன வட்டி, நாடு முழுக்க மந்தம். கேத்தி அந்த ஆண்டு சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. நிர்வாகிகள் கூடிப் பேசி, நிறுவனம் எதற்காக இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். ஒப்படைக்கப்பட்ட அனைத்துக்கும் உண்மையுள்ள உக்கிராணக்காரர்களாய் இருந்து கடவுளை மகிமைப்படுத்துவது என்பதே அதன் சாரம். அது தலைமையக வாசலில் பொறிக்கப்பட்டது.

எனக்கு இந்த மனிதரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. ஜோன்ஸ்போரோ ஊரின் முதல் பாப்திஸ்து தேவாலயத்தில், ஓய்வுநாள் பள்ளியில், பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார். கோடீஸ்வரர் ஆன பிறகும் நடத்தினார். பதின்மூன்று வயது எப்படிப்பட்டது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். குழந்தையும் இல்லை, பெரியவனும் இல்லை. சொன்னால் கேட்கவும் மாட்டான், சொல்லாவிட்டால் ஏங்கவும் செய்வான். அந்த வயதைத் தேடிப் பிடித்து அவர் உட்கார்ந்தார். தாயை இழந்து நின்ற ஒரு பையன் அந்த வகுப்பின் மூலம் அவர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, பின்னாளில் அதே நிறுவனத்தில் உயர்ந்த பதவிக்கு வந்தார். 1984இல் கேத்தி தொடங்கிய 'வின்ஷேப்' அறக்கட்டளை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வளர்ப்பு இல்லங்களை நடத்தியது. நூற்றுக்கும் அதிகமான பிள்ளைகளுக்குக் கேத்தியும் மனைவி ஜெனட்டும் தாத்தா, பாட்டி ஆனார்கள். 1973லிருந்தே கடையில் வேலை பார்க்கும் மாணவர்களுக்குப் படிப்பு உதவித்தொகையும் கொடுத்துவந்தார்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது சரியாகாது. 2012இல், கேத்தியின் மூத்த மகன் டான், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். அத்தகைய திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்குக் குடும்ப அறக்கட்டளை பணம் கொடுத்ததும் பெரும் சர்ச்சையானது. கடைகள் முன்னால் போராட்டம் நடந்தது. ஆதரவாக வரிசையில் நின்றவர்களும் ஏராளம். யார் வந்தாலும் மரியாதையோடு பரிமாற வேண்டும் என்று சொல்லி வளர்ந்த நிறுவனம், ஒரு பகுதி மக்களின் மனதைப் புண்படுத்தியது என்பதை ஒதுக்கிவிட்டு அவர் வரலாற்றைச் சொல்ல முடியாது. அப்போது பெரியவருக்கு 91 வயது.

2013இல் தலைமைப் பொறுப்பை டானிடம் ஒப்படைத்தார். 2014 செப்டம்பர் 8 அன்று வீட்டில் காலமானார். அப்போது 1,800க்கும் மேற்பட்ட கடைகள். ஆண்டு விற்பனை 500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. நிறுவனத்தைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோக மாட்டோம், ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டோம் என்று பிள்ளைகள் மூவரும் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். 2019இல் அட்லாண்டாவிலேயே, அமெரிக்கக் கால்பந்தின் மாபெரும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் அன்று ஞாயிறு. அரங்கத்துக்குள் இருந்த சிக்-ஃபில்-ஏ கடை திறக்கவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2016 ஜூன் 12ஆம் தேதியும் ஒரு ஞாயிறுதான். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் ஒரு கேளிக்கை விடுதியில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் 49 பேர் உயிரிழந்தார்கள். ரத்ததானம் செய்ய மக்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். உள்ளூர் சிக்-ஃபில்-ஏ ஊழியர்கள் விடுமுறையை விட்டுவிட்டு வந்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, அந்த வரிசையில் நின்றவர்களுக்கும் காவலர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பெரியவர் இருந்திருந்தால் தடுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை விற்கக் கூடாது என்றுதான் அவர் வைத்திருந்தார். பசித்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.