குடும்பமும் உடற்பேறு குறைந்தோரின் உரிமையும்

தங்கா பத்து வட்டாரத்திலும், மலாக்காவின் மற்றத் தோட்டப்புறங்களிலும் நம்மவர் வாழ்ந்த பழைய நாள்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பிரட்டு. தாயும் தகப்பனும் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும். கால் விளங்காத பிள்ளையோ, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையோ வீட்டில் இருந்தால், லயத்துக் கோடி வீட்டுப் பாட்டி அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பார். பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, கைமாறின. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. ஆனால் கொட்டகையும் பாட்டியும் கூட வரவில்லை.

ஆகவே, சில வீடுகளில் கதவு பூட்டப்பட்டது. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். ஒப்படைத்துவிட்டுப் போக ஆளில்லை. ஊரார் பேச்சுக்கும் அஞ்சுகிறார்கள். மூத்த மகளுக்கு வரன் வரும் வேளையில் தம்பியைப் பின்கட்டில் மறைத்து வைப்பதும் இந்த அச்சத்தால்தான். சில வீடுகளில் அந்த மூத்த மகளே பள்ளியை விட்டு நின்று தம்பிக்குக் காவலாகிறாள். ஒரு பிள்ளையின் குறை இரு பிள்ளைகளின் வாழ்வைச் சுருக்கிவிடுகிறது.

இதைக் 'குடும்பப் பாதுகாப்பு' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இது பாதுகாப்புத்தானா?

உடற்பேறு குறைந்தோரின் உரிமைகளைப் பற்றிய உடன்படிக்கையை ஐக்கிய நாட்டுச் சபை 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. மலேசியா 2010-இல் அதனை உறுதிப்படுத்தியது. அதன் 23-ஆம் விதி இல்லத்தையும் குடும்பத்தையும் பற்றியது. இத்தகைய பிள்ளைகளை மறைத்து வைத்தல், கைவிடுதல், கவனியாது விடுதல், ஒதுக்கி வைத்தல் ஆகிய நான்கையும் அவ்விதி ஒரே வரிசையில் வைக்கிறது. கைவிடுவது தவறென்று நாம் அறிவோம். மறைப்பதும் அதே வரிசையைச் சேர்ந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

ஆனால் அவ்விதி பெற்றோரை மட்டும் குறை கூறி நின்றுவிடவில்லை. இந்நிலை நேராதிருக்க வேண்டுமானால், பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் வேண்டிய விவரங்களையும் சேவைகளையும் ஆதரவையும் தொடக்கத்திலேயே தருவது அரசின் கடமை என்கிறது. உடற்குறையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்றும் சொல்கிறது. குடும்பத்தைத் தாங்கினால்தான் பிள்ளையின் உரிமை நிற்கும். பிள்ளையின் உரிமையை மதித்தால்தான் குடும்பம் நிமிரும்.

நம் நாட்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் நடப்புக்கு வந்தது. மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அதில் இடம்பெறவில்லை என்ற குறை அப்போதே பேசப்பட்டது. எனினும் சட்டம் திறந்துவிட்ட வழிகளை நாம் பயன்படுத்தாமல் இருந்துவிடலாகாது.

முதல் படி பதிவு. டாக்டர் உறுதி செய்த படிவத்துடன் சமூகநல இலாகாவில் பதிந்து, ஓகேயு அட்டை பெறவேண்டும். தங்கா பத்து மலாக்கா தெங்கா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அம்மாவட்ட சமூகநல அலுவலகத்தை அணுகலாம். பிறப்புப் பத்திரமும் அடையாள ஆவணமும் சீராக இல்லையென்றால், அவற்றை முதலில் சரிசெய்துகொள்வது நலம். அட்டையை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போலாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பதியாத பிள்ளை அரசாங்கத்தின் கணக்கிலேயே இல்லாத பிள்ளை என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்தது கல்வி. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. பள்ளிக்குச் செல்ல இயலாதவர்களுக்கும் வயது வந்தவர்களுக்கும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் உள்ளன. பி.டி.கே. எனப்படும் இத்திட்டம் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. பகலில் பிள்ளை அங்குப் பயிற்சி பெறும்போது, தாய் வேலைக்குப் போகலாம். அக்காள் பள்ளிக்குப் போகலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்பவருக்கும் உதவித்தொகை உண்டு. 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்தே இது வழங்கப்படுகிறது. தாயின் உழைப்பும் உழைப்பே என்பதற்கு இது ஒரு சிறு ஒப்புதல்.

இன்னும் ஒன்று. உண்ண என்ன வேண்டும், எந்தச் சட்டை பிடிக்கும், யாருடன் பேச ஆசை என்று அவர்களிடமே நாம் கேட்கிறோமா? பேச இயலாதவருக்கும் விருப்பம் உண்டு. பண உதவி வந்தால் அது அவருக்குரியது என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவரையும் அழைத்துச் செல்லவேண்டும். நாலு பேர் கண்ணில் பட்டவருக்குத்தான் நாலு பேர் துணை கிடைக்கும்.

'எங்களுக்குப் பின் யார்?' என்ற கேள்வி ஒவ்வொரு பெற்றோர் நெஞ்சையும் அரிக்கிறது. பெற்றோரால் இயலாதபோது நெருங்கிய உறவினரும், அதுவும் இயலாதபோது ஒரு குடும்பச் சூழலில் சமூகமும் ஏற்கவேண்டும் என்று அதே 23-ஆம் விதி வழி காட்டுகிறது. ஆனால் முகமே அறியாத பிள்ளையை உறவு எப்படி ஏற்கும்? பழைய லயத்தில் கோடி வீட்டுப் பாட்டி செய்த உதவியை, இன்று தாமானில் அடுத்த வீட்டார் செய்யலாம். அதற்கு முதலில் நம் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்.