கேசட்டில் இருக்கும் குரல் யாருக்குச் சொந்தம்?

நினைவுச் சொற்பொழிவில் புத்தகங்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் கேசட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் பழைய கானா கேசட்டுகள் கிடக்கின்றன. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியதை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தவை. இவற்றை மறுபடி வெளியிட வேண்டும் என்கிறார்கள் நம் இளைஞர்கள். வெளியிட வேண்டியதுதான். யார் பெயரில்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நூறாண்டுக்கு முன்பே வந்தது. ஸ்காட் ஜாப்ளின், ராக்டைம் இசையின் கறுப்பினக் கலைஞர். அடிமையாக இருந்தவரின் மகன். 1899இல் அச்சான அவருடைய ‘மேப்பிள் லீஃப் ராக்’ பிரதி ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சென்ட். அந்தக் காலத்தில் துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் பியானோ தானே வாசிக்கும். அந்தச் சுருள் இசையின் பிரதியே அல்ல என்று 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுருள் கம்பெனி காசு தரத் தேவையில்லை. மறு ஆண்டே சுருளுக்கு இரண்டு சென்ட் என்று சட்டம் வந்தது, ஆனால் புதிய பாட்டுகளுக்கு மட்டும். ‘மேப்பிள் லீஃப் ராக்’ போனது போனதுதான். 1916இல் அவரே வாசித்த சுருள்களிலும் துளைகளைத் திருத்தியிருக்கிறார்கள். மறுவெளியீட்டில் இன்று கேட்பது அவர் விரலா, கம்பெனிக்காரர் கைவேலையா? 1973இல் ‘தி ஸ்டிங்’ படத்தில் அவர் இசை உலகமெல்லாம் ஒலித்தபோது அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை.

இங்கே மட்டும் என்ன? நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ அதன் தயாரிப்பாளர் என்கிறது. வெளியான மறு ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை அவருக்கு. பாடியவருக்கென்று ஓர் உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. என் பெயரைப் போடு என்று கேட்கும் உரிமை 2012இல். அதற்குப் பிறகும், 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதிப் பாடிய அறிவு இல்லாமலே ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டை வந்தது.

கானாவில் இன்னொரு சிக்கல். மெட்டு பலமுறை சினிமா மெட்டு. நாம் வெளியிட்டால் கம்பெனி நம்மிடம் உரிமை கேட்டு வரும். சினிமா கானாவிலிருந்து அள்ளியதற்குக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

அசல் எது என்பதும் லேசான கேள்வியல்ல. பேட்டரி இறங்க இறங்கப் பதிவான கேசட்டை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று ஏறும். அதைச் சரிசெய்யலாம். ஒப்பாரியை, நாய்க் குரைப்பை, கண்டெய்னர் லாரி ஹாரனை ‘இரைச்சல்’ என்று துடைப்பதை நான் ஒப்பமாட்டேன். அந்தப் பாட்டு தெருவில் பாடியது, ஸ்டூடியோவில் அல்ல.

மரண கானாவில் இறந்தவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் பாட்டுக்குள்ளேயே வரும். பொதுப்பாட்டாக்க அதை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். ஆனால் அது ஒரு குடும்பத்தின் துக்கம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள். பாடியவர், டோலக் அடித்தவர், டேப்பில் பிடித்தவர், எந்த ஏரியா, யாருடைய சாவு. தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.