கிறிஸ்துமஸுக்கு முட்டைப் பால்: காய்ச்சிச் செய்வோம்

(நம் குடியிருப்பின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், பின் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன தடவை இதே இடத்தில் 15எச் படிவம் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டதாகக் கேள்வி. இந்தத் தடவை செயலாளர் தம்பி, "சார், பண்டிகைக்கு ஏத்த மாதிரி சாப்பாட்டு விஷயமா ஏதாவது பேசுங்க" என்றார். நான் தேர்ந்தெடுத்தது எக்நாக். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

எக்நாக் என்பது வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் குடிக்கும் முட்டைப் பால். பால், முட்டை, சர்க்கரை, மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். அவர்கள் ரம்மோ பிராந்தியோ சேர்ப்பார்கள். 1826ஆம் வருடக் கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்கள் இதற்காக விஸ்கியைக் கள்ளத்தனமாக உள்ளே கொண்டுவந்து, அது கலவரத்தில் போய் முடிந்தது. நமக்கு அந்த வம்பு வேண்டாம். இது சங்கத்தின் ஹால்.

நமக்கும் இது புதிதல்ல. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுத்த பாட்டிமார் கையில் வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் முட்டைக் கோப்பி என்றே ஒன்று உண்டு. முட்டையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, அதில் கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றுவார்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. தூத்துக்குடி என்றாலே மக்ரூன். மக்ரூனுக்கு வேண்டியது முட்டையின் வெள்ளைக் கரு, முந்திரிப் பருப்பு, சர்க்கரை, அவ்வளவுதான். போர்ச்சுகீசியர் விட்டுப்போன பலகாரம் என்பார்கள். வெளிநாட்டில் பாதாம் போடுகிற இடத்தில் நம்மவர்கள் முந்திரியைப் போட்டார்கள். அந்த முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்ச்சுகீசியர்தான். சரி, வெள்ளைக் கரு மக்ரூனுக்குப் போய்விட்டது. மஞ்சள் கரு? பி.காம். படித்தவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். ஒரு டஜன் முட்டை உடைத்தால் ஒரு டஜன் மஞ்சள் கரு கிண்ணத்தில் மிஞ்சி நிற்கிறது. அதற்குச் சரியான செலவுக் கணக்குதான் இந்த முட்டைப் பால்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் எதிர் வீட்டு டீச்சரம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டிலேயே மக்ரூன் சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புவது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் அவர்களிடம் மீந்த மஞ்சள் கருவை வாங்கி, யூடியூப் பார்த்து நான் எக்நாக் செய்தேன். அடித்துக் கலக்கியதோடு சரி, காய்ச்சவில்லை. பச்சை முட்டைதான் சத்து என்று எல்லாரிடமும் பெருமை வேறு பேசினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கலந்த பாத்திரம், ராத்திரி பத்து மணி வரை சமையல் மேடையிலேயே இருந்தது. ஃப்ரிட்ஜில் கேக் வைக்க இடம் வேண்டியிருந்தது.

அதைக் குடித்தது ஐந்து பேர். மறுநாள் ராத்திரிக்குள் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். நான், என் மனைவி, டீச்சரம்மாவின் மாமியார். எங்களுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பெரியம்மாவுக்கு எண்பது வயது. ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

அப்போது நம் பிளாக்கில் என்ன பேச்சு வந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். மக்ரூன் பழசாம், முந்திரி சொத்தையாம். வாட்ஸ்அப் குரூப்பில்கூட ஒருவர் ஜாடையாகப் போட்டிருந்தார். அந்த மக்ரூனைச் சாப்பிட்டது நாற்பது பேருக்கு மேல். முட்டைப் பால் குடிக்காத ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் மெதுவான சூட்டில் ஈரம் வற்றும்வரை வெந்து வருகிற பண்டம் அது. முப்பத்து நான்கு வருடம் லெட்ஜர் பார்த்த எனக்கு வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. போன வருடம் டீச்சரம்மா மக்ரூன் சுடவில்லை. "கை வலிக்குது சார்" என்றார்கள். கை வலி அல்ல என்பது எனக்குத் தெரியும்.

ஒருவர் கணக்கில் எழுத வேண்டிய பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால் வங்கியில் அன்றைக்கே திருத்தப் பதிவு போட வேண்டும். நான் இரண்டு வருடம் தாமதம். டீச்சரம்மா, தப்பு என்னுடையது. பெரியம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

பால் ஒரு லிட்டர், மஞ்சள் கரு ஆறு, சர்க்கரை நூறு கிராம். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். பாலைத் தனியாகச் சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி வந்தால் போதும், பொங்க வேண்டாம். அந்தப் பாலை ஒவ்வொரு கரண்டியாக முட்டையில் ஊற்றி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. பிறகு எல்லாவற்றையும் அடுப்பில் சிறு தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடிபிடிக்காமல் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றால் பதம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். சால்மோனெல்லா கிருமி அந்தச் சூட்டில் செத்துவிடும். ஆனால் கொதிக்க விட்டால் திரிந்துபோகும்.

இறக்கி வடிகட்டி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் டிசம்பரை நம்பி வெளியே வைக்க முடியாது. இரண்டு நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும். ஏலக்காயும் துருவிய ஜாதிக்காயும் கடைசியில். உடன்குடிக் கருப்பட்டி போட ஆசைப்படுபவர்கள் பாகாக வடிகட்டி, ஆறிய பிறகு சேருங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் பால் திரியக்கூடும்.

முட்டை ஓடு சுத்தமாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, இந்தக் கிருமி முட்டைக்குள்ளேயே இருக்கலாம். பிராந்தி ஊற்றினால் செத்துவிடும் என்று மூன்றாவது மாடி நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்று பெரிய கிருமி ஆராய்ச்சியாளர் ஒரு அம்மா இருந்தார். சாராயம் நிறைய ஊற்றி, வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்து எக்நாக் செய்வது அவர் வழக்கம். பிற்காலத்தில் அங்கே வேண்டுமென்றே சால்மோனெல்லாவைக் கலந்து சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்தும் கிருமி உயிரோடு இருந்தது, மூன்று வாரம் கழித்துத்தான் இல்லை. அன்றைக்கே ஊற்றி அன்றைக்கே குடிக்கிறவர்களுக்கு பிராந்தி உதவாது.

மீந்த மஞ்சள் கருவை மூடிய கிண்ணத்தில், மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வரை வைக்கலாம்.

கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். நம் ஹாலில் பொதுவாகப் பகிரும் எதிலும் பச்சை முட்டை வேண்டாம். முட்டை சேர்ந்ததற்கு மேலே பெயர் எழுதி வைப்போம். முட்டை தொடாதவர்களுக்குத் தனி மேஜை, தனிக் கரண்டி, பாதாம் பால். அதை என் மனைவி செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

24ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு லிட்டர் பால் காய்ச்சப் போகிறேன். பால், சர்க்கரை, ஜாதிக்காய் என் செலவு. தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். மஞ்சள் கரு பன்னிரண்டு மட்டும் டீச்சரம்மா தர வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் மக்ரூன் சுட வேண்டும். வருகிறவர்கள் டம்ளர் கொண்டுவாருங்கள்.