சாளை எங்கே போயிற்று?

வடக்கே மலபாரில் மத்தி. எர்ணாகுளத்தில், மட்டாஞ்சேரி மீன்கடைகளில் அதுவே சாளை. 2012-இல் கேரளக் கரைக்கு ஏறக்குறைய 4 லட்சம் டன் வந்து சேர்ந்த மீன் இது. 2021-இல் வந்தது வெறும் 3,297 டன். கணக்கெடுத்தது எர்ணாகுளத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்.

நேயர்களே, இந்த எண்களைப் பற்றி யாருக்கும் பெரிய தகராறு இல்லை. ஏன் குறைந்தது என்று கேட்டால்தான் தகராறு. ஆய்வுக் கட்டுரையில் அது நடக்கும் இடம் விவாதப் பகுதி. பலர் சுருக்கத்தைப் படித்துவிட்டு நேரே முடிவுரைக்குத் தாவுகிறார்கள். கட்டுரையின் சுவையான பக்கங்கள் தப்பிப்போகின்றன.

இந்தத் தகராறுக்கு வயது அதிகம். மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலம். 1940-களில் மத்தி அரிதானது. 1943-இல் டி. டபிள்யூ. தேவநேசன் எழுதிய அறிக்கை, குஞ்சையும் சினைமீனையும் அளவுக்கு மீறிப் பிடித்ததே காரணம் என்றது. அதே ஆண்டு அரசு ‘மத்திக்கொல்லி’ உள்ளிட்ட சில வலைகளைத் தடுத்தது. 1966-இல் மூர்த்தியும் எடெல்மனும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்’ இதழில் வேறு பக்கம் கைகாட்டினார்கள்: தென்மேற்குப் பருவமழையின் வலு. வலையா, மழையா? 2018-இல் கிருபாவும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, மிகைப் பிடிப்பு, தட்பவெப்பம் இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்தது.

இப்படிப்பட்ட விவாதப் பக்கங்களைப் படிக்கும்போது வினைச்சொற்களில் கண் வைக்க வேண்டும். ‘காட்டுகிறது’ என்பது வேறு, ‘காரணமாக இருக்கலாம்’ என்பது வேறு. மழை குறைந்த ஆண்டில் மீனும் குறைந்தது என்றால் அது தொடர்பு. மழைதான் குறைத்தது என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். இன்னொன்று: கரைக்கு வந்த மீனின் எடை கடலில் இருக்கும் மீனின் எடை ஆகாது. மீன் ஆழத்துக்கு இறங்கியிருக்கலாம், படகுகள் கடலுக்குப் போகாமலும் இருந்திருக்கலாம். நேர்மையான ஆசிரியர் இந்த ஓட்டைகளைத் தாமே சொல்லிவிடுவார். ‘இந்த ஆய்வின் வரம்புகள்’ என்று தொடங்கும் பத்தியை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் பாதி விஷயம் அங்கேதான் கிடக்கிறது. தமக்கு ஒத்துவராத பழைய ஆய்வுகளை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பதில் சொல்கிறாரா, பெயரைக்கூடச் சொல்லாமல் நழுவுகிறாரா?

2024-இல் சாளை திரும்பி வந்தது, ஆனால் பொடிப்பொடியாக. விலை சரிந்தது. நல்ல மழையால் குஞ்சுகள் எக்கச்சக்கமாகப் பெருகின, இரைக்குப் போட்டி வந்தது, அதனால் வளர்ச்சி குன்றியது என்பது எர்ணாகுளம் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வளரவே மாட்டாத சாளையை விட்டுவைத்து என்ன பயன் என்று மீனவர் கேட்டால், அதற்கான பதிலை அட்டவணையில் தேடிப் பயனில்லை. விவாதப் பகுதியில்தான் தேட வேண்டும்.