அருவியும் கணக்கும்

சாரல் காலத்தில் தென்காசியில் நின்று மேற்கே நோக்கினால், மலைமுகட்டில் மேகம் தங்கியிருப்பது தெரியும். அங்கிருந்து இறங்கும் சிற்றாறு, பேரருவியாக விழும் வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் நிறைந்து, வேகம் தணிந்து, பிறகே வழிந்து வருகிறது. அதன்கீழ் நீராடும்போதெல்லாம் எனக்குக் கணக்கே நினைவுக்கு வரும். குளிக்கப் போன இடத்தில் கணக்கு எதற்கு என்பீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு போயிற்று. மேலே பெய்த மழை எத்தனை நிமிடத்தில் கீழே வந்து சேரும் என்பது கணக்குத்தான்.

நீரோட்டத்தைக் கணிப்பொறியில் கணிக்க, ஆற்றைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றிலும் புகுந்த நீர் எவ்வளவு, வெளியேறிய நீர் எவ்வளவு என்று வரவு செலவு பார்க்கிறோம். சதுரக் கட்டங்கள் குற்றாலப் பாறைக்குப் பொருந்துமா? வளைந்த கரை படிக்கட்டாகிவிடும். ஆகவே முக்கோணங்களால் வலை பின்னுகிறோம். சமவெளியில் பெரியவை, பாறை இடுக்கில் மிகச் சிறியவை.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. ஒரு கணத்தின் நிலையைக் கொண்டு அடுத்த கணத்தை நேராகக் கணிக்கும் முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்று 1928-இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் காட்டினர். கணக்கு ஒரு தாவலில் கடக்கும் நேரம், அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தை விஞ்சலாகாது. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் செல்லும். ஓட்டத்தின் வேகமும் 3 மீட்டர் எனில், மொத்தம் 6. அரை மீட்டர் அகலமுள்ள முக்கோணத்தை அவ்வலை ஒரு வினாடியின் 12-இல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். ஒரு மணி நேர வெள்ளத்திற்கு 43,200 தாவல்கள்! சோம்பலுற்று நீளமாகத் தாவினால், சிறு பிழை தாவலுக்குத் தாவல் பெருகி, ஆற்றில் இல்லாத வெள்ளத்தைத் தாளில் காட்டும். பாறை இடுக்கில் உள்ள ஒரேயொரு ஒடுங்கிய முக்கோணம், தென்காசி வரையுள்ள வலை முழுவதையும் தாமதிக்கச் செய்கிறதே என்பது எனக்கு நெடுநாளைய எரிச்சல். எல்லாக் கட்டங்களின் அடுத்த நிலையையும் ஒருங்கே சமன்பாடுகளாக்கித் தீர்த்தால் நீளத் தாவலாம். ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் உழைப்பு மிகும்.

மற்றொரு இடரும் உண்டு. பாறைச் சரிவில் விரைந்தோடும் நீரில் செய்தி மேலிருந்தே வருகிறது. முக்கோணத்தின் இருபுறத்தையும் சமமாகப் பாவித்துச் சராசரி எடுத்தால் கணக்கு ஊசலாடும். நீர் வரும் பக்கத்திற்கு முதன்மை தந்தால் அடங்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். எம். தேஷ்பாண்டே முதலியோர், விமானத்தைச் சுற்றியோடும் காற்றைக் கணிக்க, ஒழுங்கின்றிச் சிதறிய புள்ளிகளின் மீதே இத்தகைய முறையை நடத்திக் காட்டினர்.

இதற்கும் விலை உண்டு. வெள்ளத்தின் செங்குத்தான முகப்பு கணக்கில் சற்று மழுங்கிவிடும். குளிப்போரை எச்சரிக்கும் கணக்கில் அம்மழுங்கலை நான் பொறுப்பேன், ஊசலாட்டத்தைப் பொறேன். மழுங்கிய முகப்பின் நுனி, உண்மை வெள்ளத்திற்குச் சற்று முன்னதாகவே தாளில் வந்து சேர்கிறது. அருவியடியிலிருந்து கரையேறுவோருக்கு அது சில வினாடிகள் கூடுதல்.