இடுப்பளவும் ஊர் நலமும்



காலராவோ மலேரியாவோ ஓர் ஊரில் புகுந்தால் அதனை அனைவரும் உடனே அறிவர். கிணற்றுக்கு மருந்திடுவோம், தேங்கிய நீரை அகற்றுவோம். ஆனால் ஓசையின்றி வீடு வீடாகப் புகும் நோய்க்கூட்டம் ஒன்றும் உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம்.

மருத்துவர்கள் இதனை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்பர். உண்ட உணவை உடல் பயன்படுத்திக்கொள்ளும் முறையில் நேரும் கோளாறு இது. இதற்கு ஐந்து அடையாளங்கள் உள்ளன. இடுப்புச் சுற்றளவு மிகுதல்; இரத்த அழுத்தம் 130/85-ஐ எட்டுதல்; வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமை எட்டுதல்; டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு இரத்தத்தில் கூடுதல்; நன்மை தரும் கொழுப்பு குறைதல். இவற்றுள் மூன்று ஒருவரிடம் சேர்ந்தால் அவருக்கு இத்தொகுதி உண்டு எனக் கொள்வர். இவை கூட்டாக வருவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988-ல் எடுத்துக்காட்டினார். சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் இதுவே வாயில்.

இது எல்லா மக்களிடமும் ஒரே அளவில் உள்ளதா? இல்லை. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை எடுத்த கணக்கில், வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேருக்கு இது இருந்தது. அங்கு வாழும் மெக்சிகோ வழியினரிடம் அது 32 ஆக உயர்ந்திருந்தது. 20 முதல் 29 வயதுக்குள் இருந்தோரில் நூற்றுக்கு 7 பேர். 60 முதல் 69 வயதுக்குள் இருந்தோரிலோ 44 பேர்.

மரக்கால் மாறினால் நெல்லின் கணக்கு மாறுவது போல, அளவுகோல் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். சென்னை நகர மக்களிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே மக்களை மூன்று அளவுகோல்களால் அளந்தபோது நூற்றுக்கு 18, 23, 26 என மூன்று விடைகள் கிடைத்தன. நம் போன்ற தெற்காசிய மக்களுக்கு இடுப்பு சற்றே பெருத்தாலும் தீங்கு தொடங்கிவிடுகிறது. ஆகையால் நமக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே எல்லை. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவரும் அளந்து பார்ப்பது நன்று.

அப்படியானால் இது பிறவியின் விதியா? பீமா என்னும் பழங்குடியினரின் வரலாறு இதற்கு விடை கூறும். அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றுநீரை வாய்க்கால்களில் பாய்ச்சி உழுது வாழ்ந்தவர்கள் இவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேல்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டனர். வயல்கள் காய்ந்தன. உழைத்து விளைத்து உண்டவர்கள், பிறர் தந்த மாவையும் சர்க்கரையையும் கொழுப்பையும் நம்பி வாழும் நிலைக்கு வந்தனர். இவர்களுடைய உறவினத்தார் மெக்சிகோவின் மலைப்பகுதியில் இன்னும் உடலுழைப்பால் வாழ்பவர்கள். 2006-ல் வெளியான ஆய்வில், அரிசோனாப் பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை வியாதி. மெக்சிகோப் பீமாக்களில் 7 பேருக்கே. இரத்தம் ஒன்று, வாழ்க்கை வேறு. எனவே நோயும் வேறு.

நீர் இழந்த உழவனின் துயரம் உங்களுக்குத் தெரியாததன்று. உழைப்பையும் விளைந்த உணவையும் இழந்த உடலுக்கும் அதே கதிதான்.

நம் நாட்டின் நிலையையும் காண்போம். 2008 முதல் 2020 வரை நடந்து 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்குச் சர்க்கரை வியாதியும், 35 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 39 பேருக்கு வயிற்றுப் பருமனும் இருந்தன. இவை நகரத்திலேயே மிகுதி. ஆனால் சர்க்கரை வியாதிக்கு முந்திய நிலையில் மட்டும் கிராமம் நகரத்துக்குப் பின்தங்கவில்லை. நாளை நோயாளியாகக்கூடியவர் இன்று நம் தெருவிலேயே இருக்கிறார் என்பதே இதன் பொருள்.

டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இயந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பை நடையாலும் விளையாட்டாலும் ஈடுசெய்ய வேண்டும். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்களையும் பயறு வகைகளையும் கூட்ட வேண்டும். இனிப்புப் பானங்களை விலக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவையும் உண்டு. கிராம சபை கூடும் நாளில் தையற்காரரின் அளவு நாடா ஒன்றால் அனைவரின் இடுப்பையும் அளக்கலாம். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். எல்லை கடந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தப் பரிசோதனை செய்விக்கலாம். 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இதற்குத் துணையாகும். ஏரிக்கரையைச் செப்பனிட்டால் அதுவே பெண்களும் முதியோரும் நடக்கும் பாதையாகிவிடும்.

வெள்ளம் வருமுன் கரையைக் கட்டுவது உழவர் மரபு. அந்த முன்யோசனையை உடலுக்கும் காட்டுவோமாக.